உபவாசத்தை முறித்த ஐந்து தம்ளர் தண்ணீர்

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டு முறையும் ஸ்கேன் டாக்டர் முதலில் சொன்னது, "கிளியர் இல்லை." அதற்குப் பிறகுதான் துடிப்பு இல்லை என்றார்கள்.

விசுவாசக் குறைவு என்று சபையில் ஒரு அக்கா சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்தச் சொல் உள்ளே குத்திக்கொண்டே கிடந்தது. போன ஜூலையில், மூன்றாவது கர்ப்பத்தின் முதல் ஸ்கேன். முந்தின நாளிலிருந்தே உபவாசம் இருந்தேன். சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஆண்டவரே, பிள்ளையை எனக்குக் காட்டும்." இது ஒன்றுதான் என் ஜெபம்.

கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, லீவு இல்லை. தம்பானூரில் இருந்த ஸ்கேன் சென்டருக்குத் தனியாகப் போனேன். அங்கே பெண்களைத் தயார் செய்து உள்ளே அனுப்புவது ரஹ்மத் அக்கா, கடலோரப் பூவாறு ஊர்க்காரி. ஐந்து தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் போகாமல் ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னார். பிறகு வந்து கேட்டபோது, குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

டாக்டர் வயிற்றில் ஜெல் தடவி அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"கிளியர் இல்லை."

அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். பட்டினி கிடந்தேனே, இதுதானா உம்முடைய நீதி என்று கேட்டேன். ரஹ்மத் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூத்திரப்பை காலியா கெடக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. உள்ளதச் சொல்லு பிள்ளே, வெள்ளம் குடிச்சியா?"

இல்லை, உபவாசம் என்றேன்.

"நானும் நோம்பு பிடிக்கிறவதான். வயித்துல பிள்ளை கெடந்தா படைச்சவன் நோம்ப விட்டுத் தருவான். ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

மூத்திரப்பை நிறைந்தால்தான் கருப்பை தெளிவாகத் தெரியும், இப்போது பார்த்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். தன் பாட்டிலிலிருந்தே ஊற்றிக் கொடுத்தார். அழுதுகொண்டே குடித்தேன். நான்காவது தம்ளரில் குமட்டியது. "இன்னும் ஒண்ணு மக்களே" என்று, மகளிடம் சொல்வதுபோல் சொல்லி முதுகைத் தடவினார்.

ஒரு மணி நேரம் கழித்து, முட்டிக்கொண்டு நின்ற வயிற்றோடு மறுபடி படுத்தேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவே கடுகளவு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"ஹார்ட் பீட் உண்டு," என்றார்.

ரஹ்மத் அக்கா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகளுக்கு இப்போது நான்கு மாதம். ஆண்டவர் ஒரு முஸ்லிம் அக்காவின் கையால் எனக்குப் பதில் தந்தார் என்று சபையில் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். பட்டினியைக் காட்டி ஆண்டவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கர்ப்பிணிகள் வந்தால் முதலில் தண்ணீர் கொடுக்கிறேன்.

பயந்து கிடக்கிற சகோதரியே, அவரிடம் கேள். கோபத்தோடாவது கேள், அவர் தாங்குவார். தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்கேனுக்குப் போ.