விமானத்துக்கு நல்ல தண்ணீர் வார்த்த மாமா

சுருவில், புளியங்கூடல், ஊர்காவற்றுறை வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருவது யாதெனில்: இம்மாதம் முதற் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தரவை வெளியில் நிற்கும் இரண்டு இருக்கை விமானம் குளிக்கவில்லை. அதைக் குளிப்பாட்டுபவர் அன்று அதிகாலை நித்திரையிலேயே காலமாகிவிட்டார்.

அவர் என் அம்மாவின் மூத்த அண்ணர். எனக்குப் பெரிய மாமா. தொலைபேசியில் செய்தி வந்தபோது அம்மா கேட்ட முதற் கேள்வி, "எங்கை வைச்சு? மேலையோ?" என்பதுதான். கட்டிலில் என்று மாமி சொன்னதும் அம்மா குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டா. அழுகை பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பெருமூச்சு. ஒன்பது வருடமாக வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்த குடும்பம் நாங்கள். மனிதர் மெத்தையில் போய்ச் சேர்ந்தது எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று வெளியில் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்ன மாமி, குரங்குச் சேட்டை மட்டும் வேண்டாம் என்றா. முயல்கிறேன்.

மாமாவை அறியாதவர்களுக்கு: வளைகுடா நாடொன்றில், பாலைவன மணலுக்கு நடுவே, முப்பது வருடம் விமானம் திருத்தியவர் அவர். ஓய்வு பெற்று வந்தவர்கள் மேல்மாடி கட்டினார்கள். மாமா ஒரு பழைய விமானத்தை வாங்கி அதற்குத் தகரக் கொட்டகை கட்டினார். பறக்க அனுமதி கிடைப்பதற்குள் மீசை நரைத்துவிட்டது. பறப்பு மாதத்தில் ஒரு நாள்; பராமரிப்போ தினமும். முன்விசிறியின் ஓரத்தை விரலால் தடவிக் கீறல் தேடுவார். எரிபொருளில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார். விடியக் காலையில் கிளாசும் கையுமாக நிற்கிற மனிதரைப் பற்றி ஊரில் வேறொரு கதை உலாவியது. உலாவ விட்டது நான்தான். மாமி அந்த விமானத்துக்கு வைத்த பெயர் 'செட்டை முளைச்ச சக்களத்தி'.

செவ்வாய்தோறும் அதற்குக் குளிப்பு. உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் மட்டுமே கழுவ வேண்டும். எங்கள் கிணறுகளோ உவர். நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வருவது. தண்ணீர்க் கானோடு வரிசையில் நின்ற யோசேப்பு அண்ணை, கடலுக்குப் போய்க் களைத்து வந்த கோபத்தில் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மனுசர் குடிக்கத் தண்ணியில்லை. உங்கடை பிளேனுக்குக் குளிப்பு ஒரு கேடோ?"

"நீர் உப்புத் தண்ணி குடிச்சால் உம்மடை நாக்குச் சொல்லும். இதுக்கு நாக்கில்லை. அதுதான் நான் என்ரை நாக்கைக் குடுக்கிறன்" என்றார் மாமா.

சும்மா சொல்லவில்லை. கழுவி முடிந்ததும் இறக்கைச் செட்டையின் நுனியில் சொட்டும் துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைப்பார். கரித்தால் மறுபடியும் முதலிலிருந்து. தன் பங்குத் தண்ணீரை விமானத்துக்குக் கொடுத்துவிட்டு அவர் கிணற்றில்தான் குளித்தார். தலைமயிர் தேங்காய்த் தும்பு மாதிரி நிற்கும்.

விமானத்தில் எது நடந்தாலும் யார் செய்தது, என்ன காரணம் என்று பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒருமுறை கண் நாவூறு படாதிருக்க முன்விசிறியில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். மாமா புத்தகத்தை விரித்து, "தேசிக்காய் ஒன்று, செத்தல் மிளகாய் மூன்று, அகற்றப்பட்டன" என்று எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கினார். "பிழை விட்டவனை இந்தப் புத்தகம் ஏசாது. எழுதாதவனைத்தான் ஏசும்" என்றார்.

அவருடைய ஒரே மகள் ஆரணி மச்சாள் விமானம் ஓட்டப் பழகியவ. சென்ற மாதம், தனியாகப் பறந்து காட்டும் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, செட்டையின் பின்மடல் அசைகிற பிணைச்சலில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைக் கண்டுபிடித்தவர் யார்? அடியேன். அது இறுகினால் விமானம் நினைத்த பக்கம் திரும்பாது. மாமா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்து, உப்பு என்றார். பிணைச்சலைக் கழற்றிப் புதியது பூட்டினார். மச்சாளின் உயிரைக் காத்த கழுகுக் கண்ணன் என்று ஊரே என்னைக் கொண்டாடியது. மாமி நண்டுக் கறி காய்ச்சித் தந்தா. மாமாவின் வலது கை நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தில் 'காரணம்' என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"நல்ல தண்ணிதானே வார்த்தனீர்?"

"ஓம் மாமா."

"அப்ப எங்கையிருந்து வந்தது? காரணம் தெரியாமல் என்ரை பிள்ளையை ஏத்த ஏலாது."

பரீட்சை தள்ளிப்போனது. அவர் கூரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், காற்று வீசும் திசையைக் குறித்தார். பத்தாம் நாள் போய்விட்டார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் பரீட்சைக்குப் புதிய திகதி வந்தது. மச்சாள் புத்தகத்தைத் திறந்து பார்த்தா. "அப்பா காரணம் எழுதேல்லை. நானும் ஏறமாட்டன்" என்று மூடி வைத்தா. காரணம் எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளை பூக்க முதல், மாமா கிளினிக்குக்குப் போன மூன்று செவ்வாயும் விமானத்தைக் கழுவியது நான். நல்ல தண்ணீரை வீட்டிலிருந்து கானில் காவி வரப் பஞ்சி, சோம்பேறித்தனம். கொட்டகைக்குப் பக்கத்திலேயே உவர்க் கிணறும் மோட்டாரும் இருந்தன. கழுகுக் கண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; பயத்தில் தினமும் போய்ப் பார்த்தபடியால்தான் அந்த வெள்ளை தெரிந்தது.

நேற்று மச்சாளிடம் சொன்னேன். 'காரணம்' என்ற இடத்தை விரித்துப் பேனையைத் தந்தா. எழுதினேன். வாசித்தா. "அவ்வளவுதானோ" என்றா. செத்தவீட்டுக்குப் பிறகு அவ சிரித்ததை அப்போதுதான் கண்டேன். அடுத்த கிழமை பறக்கிறா. நாங்கள் எல்லாரும் தரவையில் நின்று கை காட்டுவோம், இம்முறை பயமில்லாமல்.

போயிட்டு வாங்கோ மாமா. நீங்கள் கேட்ட அன்று நான் 'ஓம்' என்றது பொய்.