ஜெயா தூக்கிய கனூ

போன சனிக்கிழமை என் மனைவி ஒரு கனூவை, அதுதான் ஒடுங்கிய துடுப்புப் படகை, தோளில் தூக்கினாள். நம்ப மாட்டீர்கள்... பக்கத்தில் நின்ற நானே நம்பவில்லை!

இடம், டொரொண்டோவிலிருந்து எட்டு மணி நேரம் வடக்கே. வீடில்லை, போனில் சிக்னலில்லை. ஏரி, காடு, மறுபடி ஏரி.

யோசனை ஜெயாவுடையது. டொரொண்டோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் வேர்ஹவுஸ் வேலை பார்த்துத் தோள் பழுதாகி, போன வருஷம் ஆபரேஷன். இனிப் பாரம் தூக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லி மாதக் கணக்காகிறது. வீட்டில் நாங்கள் விட்டால்தானே? பால் பையைக்கூடக் கையிலிருந்து பறித்துவிடுவோம். "நான் என்ன கண்ணாடிச் சாமானே?" என்று ஒருநாள் வெடித்தவள், மறுநாளே இந்தக் கனூப் பயணத்துக்குப் பதிந்துவிட்டாள்.

சாப்பாடு என் பொறுப்பு. இரண்டு பேர், மூன்று நாள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறைய வைத்த ஆட்டிறைச்சிக் கறி, பிட்டு, நாற்பது மீன் கட்லட்... காட்டில் பசித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

முதல் ஏரி முடிந்த இடத்தில் வழிகாட்டி கெல்லி குண்டைத் தூக்கிப் போட்டாள். அடுத்த ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் காட்டுவழி நடை. கனூவைக் கவிழ்த்துத் தோளில் சுமக்க வேண்டும் — அவளுடையதை அவள், எங்களுடையதை நாங்கள். முடியாவிட்டால் திரும்பலாம். என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தவள், "இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு உள்ளூர நிம்மதி. "திரும்புவம் ஜெயா. தோள்தான் முக்கியம்."

"தோள் என்ரை. நீங்கள் கட்டின பைதான் பாரம். எடுங்கோ கட்லட்டை!"

பாறையில் பந்தி வைத்தாள். கெல்லி மட்டும் ஒன்பது கட்லட். பை ஒருவாறு தூக்கக்கூடியதாயிற்று.

பிறகு ஜெயா குனிந்தாள். நான் ஓடினேன். "கை வையாதேங்கோ!" கனூ ஒருமுறை ஆடியது... நேரானது. நடந்தாள்.

சேறு, வேர், நுளம்புக்கடி. பையோடு நான் இரண்டு தரம் உட்கார்ந்தேன். அவள் ஒருதரமும் இறக்கவில்லை. ஏரி தெரிந்ததும் கனூவைத் தண்ணீரில் விட்டு, இரண்டு கையையும் மேலே உயர்த்திக் கத்தினாள் பாருங்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு வருஷமாக நாங்கள் அவளுக்குச் செய்தது உதவியா, அவமரியாதையா?

கெல்லியிடம் ஏதோ விசாரித்துவிட்டு வந்தாள். "அங்காலை இன்னொரு ஏரி இருக்காம். போவமே?"

ஓம் என்றேன். தோள் நோகிறதா என்று கேட்கவில்லை — நொந்தது என்னுடையதுதான்.