போனில் சொல்லிவிட்டுத் தொட்ட பாயிண்ட்

ரயில் விபத்து என்றால் பெட்டிகள் கவிழ்ந்து கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டைக் கவிழ்த்த விபத்தில் ஒரு பெட்டியும் அசையவில்லை. ஒரு மனிதரின் வலது கை மட்டும் போனது.

என் கணவர் ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியனாக இருந்தார். எங்கள் வீடு கோவில்பத்தில். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டிகள் போகும் பாதைதான் அவருடைய வேலை இடம். அந்தக் கரி அவருடைய சட்டையிலிருந்து எங்கள் தலையணை வரைக்கும் வரும். துவைத்துத் துவைத்து எனக்கு அலுத்துவிட்டது.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையில் பட்டனை அழுத்தினால், அங்கே ஒரு மோட்டார் தண்டவாளத்தின் நாக்கை ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டவைக்கும். நடுவில் ஒரு கரித்துண்டு சிக்கினால் போதும், ஒட்டாது. ஒட்டாவிட்டால் சிக்னல் விழாது, வண்டி நிற்கும்.

கரியை எடுப்பதற்கு முறை இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். மோட்டாரை நிறுத்தும் சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆனால் அப்படி வாங்கினால் வண்டிகள் தாமதமாகும், கம்ப்யூட்டரில் பதிவாகும், மேலேயிருந்து விளக்கம் கேட்பார்கள். எழுதிக் கொடுக்கிறவருக்கு ‘வேலை தெரியாதவர்’ என்ற பெயர்தான் மிச்சம். அதனால் அந்தப் பாதை முழுக்க ஒரு பழக்கம் இருந்தது. ‘வாய் மெமோ’ என்பார்கள். போனை எடுத்து, “சார், அஞ்சு நிமிஷம் கைய வெக்கிறோம், பட்டனத் தொடாதீங்க” என்பார் இவர். “சரி பாய்” என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். அவ்வளவுதான். ஆயிரம் தடவை நடந்திருக்கும், ஒன்றும் ஆனதில்லை.

அன்றைக்கு மழை விட்ட காலை. வழக்கம்போல் இவர் போனில் சொன்னார். இவருடைய உதவியாளர், இவரைவிடப் பெரியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர், உட்கார்ந்து கையை விட்டுக் கரியைத் தோண்டிக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டேஷன் மாஸ்டரை வண்டி எங்கே, வண்டி எங்கே என்று கன்ட்ரோலிலிருந்து நச்சரித்திருக்கிறார்கள். அந்த அவசரத்தில் அவருக்குக் கையின் ஞாபகம் போய்விட்டது. பட்டனை அழுத்திவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பாய், போன்ல சொல்லாமயே வேலையில எறங்கிட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க. ஒங்களுக்கு இன்க்ரிமென்ட்ட நிறுத்துவாங்க, அதோட போயிடும். நான் இந்த வருஷம் ரிட்டயர் ஆவறேன். என்னைத் தூக்கிட்டாங்கன்னா எல்லாம் போச்சு.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வாய் சும்மா இருக்காது. “அப்ப கை போனவரு கதி என்னங்க சார்?” என்று கேட்டேன்.

“அவரும் பெர்மிஷன் இல்லாம கைய வெச்சாருன்னு ஆவும். அதுக்கு என்னம்மா செய்யறது?”

கொண்டுவந்த டீயை அவர் முன்னால் வைக்காமல் உள்ளே எடுத்துப்போய்விட்டேன். வீட்டுக்கு வந்தவருக்கு நான் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

வளைகுடாவில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோவில், கன்ட்ரோல் அறையில் என் தம்பிக்கு வேலை. பல நாட்டு நிபுணர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் துடித்துப்போய், “லாத்தா, மச்சான உக்கார வைங்க. இவங்க எல்லாரும் பேசறேங்கறாங்க” என்று வீடியோவில் வந்தான். அவர்கள் பேசப் பேச அவன் தமிழில் சொன்னான்.

இங்கிலாந்துக்காரர், ‘யார் செய்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுதிக் கொடுக்க ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று கேட்கவேண்டும்’ என்றார். ஜெர்மன்காரர் கோபக்காரர் போலிருக்கிறது. ‘கையை உள்ளே விடுகிறவரின் சட்டைப்பையில் சாவி இருக்கவேண்டும், இன்னொருவரின் ஞாபகத்தை நம்பிக் கை வைப்பதா!’ என்று மேசையைத் தட்டினார். ‘அழுத்தும் முன் பட்டனை விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்ல எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்’ என்றார் ஜப்பான்காரர். எல்லாவற்றுக்கும் இவர் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி தலையாட்டினார். எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்த பழைய கதை பிரான்ஸ் நாட்டு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். பிறகு மெதுவாகச் சொன்னார்: ‘உண்மையைச் சொல்கிறவரைத் தண்டிக்கமாட்டோம் என்ற உறுதி முதலில் வேண்டும். அது இல்லாத இடத்தில் நாங்கள் சொன்ன எதுவும் நடக்காது.’

இவர் சிரித்துவிட்டார். “தம்பி, நம்ம விசாரணைய நடத்த அந்தம்மாவே வருவாங்களான்னு கேளு.”

அத்தனை பேரும் சொன்னது சரிதான். எனக்கு ஆத்திரமே அதில்தான் வந்தது. சரியான மருந்தைச் சொல்லிவிட்டு, அது எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

போனை வைத்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். “போன் பண்ணது நான். என் பேச்ச நம்பித்தான் அவரு கைய விட்டாரு. அனுமதி இல்லாம விட்டாருன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?” என்றார்.

விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொன்னார். பாதை முழுக்க இதுதான் பழக்கம் என்றும் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர், “போன் வந்துச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு, வெச்சிட்டாரு” என்றாராம். மற்ற டெக்னீஷியன்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பெருநாள் பிரியாணி சாப்பிட்டவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், “நாங்க எப்பவும் எழுதிக் குடுத்துட்டுத்தான் தொடுவோம்” என்றார்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

மிச்சம் இருந்தது ஒரே சாட்சி. இவர் போன் பேசியபோது பக்கத்திலேயே நின்ற அந்த உதவியாளர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தோம். அவருக்காக நான் நோன்பு வைத்து துஆ கேட்டேன்.

உத்தரவு வந்தது. எழுத்து அனுமதி இல்லாமல் தொட்டதை இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை, உதவியாளரும் எதையும் கேட்கவில்லை என்கிறார். ஆகவே வேலையிலிருந்து நீக்கம்.

மறுநாளே பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். வழி நெடுக வாயில் வந்த சாபமெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். வலது சட்டைக் கை மடித்துப் பின் குத்தியிருந்தது.

“கேட்டேம்மா. பட்டனத் தொடாதீங்கன்னு பாய் சொன்னது என் காதுல நல்லா விழுந்துச்சு. உக்காந்து பாக்கற வேலை போட்டுத் தர்றோம், கேக்கலன்னு மட்டும் சொல்லுன்னாங்க. இந்தக் கைய வெச்சிக்கிட்டு இனிமே எந்த வயல்ல எறங்குவேன்? சொல்லுங்கம்மா.”

கொண்டுபோன சாபத்தில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவர் இடது கையால் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பழகாத கை, பாதி கீழே சிந்தியது. மீதியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் கேட்டார். “அவருக்கு வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

“அப்ப சரி” என்றார்.

அவருக்குச் சரி. எனக்குச் சரியில்லை. இன்றுவரை சரியில்லை.