சட்டைக்கு அடியில் இருந்த ஸ்பானிஷ் நோட்டு

பாச்சை உருண்டை வாசனை... அந்த நோட்டை நினைத்தால் இன்றும் அதுதான் மூக்கில் வருகிறது.

எதையும் முதலில் மோந்து பார்க்கிற ஆள் நான். கம்பைநல்லூரில் தினமும் குடித்துவிட்டு வந்த அப்பாவுக்கு மகளாக வளர்ந்தால் வேறு எப்படி இருக்கும்?

கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்து மூன்றாவது மாதம். பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு நோட்டு. உள்ளே அவர் கையெழுத்தில் புரியாத வார்த்தைகள்... வீனோ, பொர்ராச்சோ, ரெசாகா.

போனில் போட்டுப் பார்த்தேன். ஒயின். குடிகாரன். குடித்த மறுநாள் தலைவலி.

அடப்பாவி மனுஷா! பெட்டியில் நாலு புடவையை அடுக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தார்.

"வாயை ஊதுங்க."

"என்னாது?"

"ஊதுங்கன்னு சொல்றேன்!"

ஊதினார். பஜ்ஜி வாசனைதான். அப்போதும் நம்பவில்லை. நோட்டை அவர் முன்னால் போட்டேன்.

முகம் சுருங்கிப்போனது. "ஸ்பானிஷ் படிக்கறேன். வூட்லருந்தே மொழிபெயர்க்கற வேலை ஒண்ணு வந்திருக்குது. மொத வேலையே ஒயின் கம்பெனி... உங்கப்பா கதை தெரிஞ்சும் இத உங்கிட்ட எப்படிக் காட்டறது?"

"அப்ப ஒவ்வொண்ணா அர்த்தம் சொல்லுங்க, பாக்கலாம்."

போலீஸ் விசாரணைதான். பாவம், நின்றுகொண்டே சொன்னார். ரெசாகா என்றால் கரைக்கு வந்த அலை திரும்ப உள்ளே இழுப்பதாம். அதையே மறுநாள் தலைவலிக்கும் வைத்துவிட்டார்களாம். கடைசி வார்த்தை சோப்ரியோ. போதையில் இல்லாதவன்.

"லத்தீன்ல எப்ரியஸ்னா குடிபோதைல இருக்கறவன். முன்னாடி 'இல்லாம'ங்கற அர்த்தத்துல ஒண்ணு சேத்தா இந்த வார்த்தை. ஸ்பானிஷ், இத்தாலி, ரெண்டுக்கும் அங்கிருந்துதான் போச்சு."

"அப்ப குடிக்காதவன் பேருக்குள்ளயும் ஒரு குடிகாரன் உக்காந்திருக்கான்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை மட்டும் பிரித்தேன்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஹாலிலேயே மேஜை போட்டு அதே வேலை. நோட்டெல்லாம் திறந்தே கிடக்கிறது. அன்றிலிருந்து வெளியே போய்விட்டு வந்தால், நான் கேட்காமலே ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

போன வாரம் மறந்துபோய் நேராகக் குளிக்கப் போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை. இனிமேல் எதற்கு என்று தோன்றியது.

ஆனால்... கொடியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வெறும் வியர்வை.

நிமிர்ந்தால், துண்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, ஊதினார்.