நூற்றுப்பத்து என்று சொன்னேன்

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கருங்குழியில் எங்களைப் போன்றவர்கள் ஞாயிறுதோறும் கூடி, அந்த வாரத்துச் சர்க்கரை அளவைச் சொல்வோம். குறைந்திருந்தால் கைதட்டுவார்கள். சோற்றைக் குறைத்தேன், நடந்தேன், ஊசியும் போட்டேன். இருநூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. வெறுத்துப்போய் ஒருநாள் நூற்றுப்பத்து என்று சொன்னேன். கைதட்டினார்கள். அப்புறம் வாராவாரம் அதே பொய்தான்.

என் பக்கத்தில் உட்காரும் செல்வி திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். காலில் பெரிய கட்டு. ஒரு விரலை எடுத்திருந்தார்கள்.

"உனக்கெல்லாம் எறங்குது, எனக்கு மட்டும் எறங்கலயேக்கா. மாத்திர தின்னு இன்னா பிரயோஜனம்னு வுட்டுட்டேன்" என்றாள்.

"நான் சொன்னது பொய்யி செல்வி. எனக்கும் எறங்கல."

என்னையே வெறித்துப் பார்த்தாள். "இத அங்கயே சொல்றதுக்கு இன்னாக்கா?"

அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். இன்னும் இரண்டு பேர், தாங்களும் குறைத்துத்தான் சொல்லி வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மனம்விட்டுப் பேசத்தானே அங்கே போனோம்?

இப்போதும் வாராவாரம் செல்வியைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறேன். "நீ போக்கா" என்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.