நம்பர் இல்லாத வண்டி

என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவர். ஒரு கையெழுத்து இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். அதோடு என் நிம்மதி போயிற்று.

நாங்கள் இருப்பது டெல்லி துவாரகாவில். காய்கறி வாங்கவும் என்னை மெட்ரோவில் கொண்டுவிடவும் சின்ன வண்டி போதும் என்றார். கடைக்காரரும் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று அடுக்கினார். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதாம். அதனால் சட்டப்படி அது மோட்டார் வண்டியே இல்லையாம்.

"ஹெல்மெட்?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டிஜி, சைக்கிள் ஓட்டறவங்க யாராவது ஹெல்மெட் போடறாங்களா?" என்று இந்தியில் சிரித்தார்.

நானே ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். இவர் அதைக் கைப்பிடியில் மாட்டி, கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் போட்டுக்கொண்டு வந்தார். அது போதாதென்று ராங் சைடு வேறு. எங்கள் கேட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு முறையாகப் போக வேண்டுமானால் வெகுதூரம் போய்த் திரும்ப வேண்டும். "எல்லாரும் இப்படித்தானே வரான்? நான் மட்டும் என்ன, ஊரைச் சுத்தணுமா?" என்பார். நான் கத்திக் கத்தி என் தொண்டைதான் போயிற்று.

அன்று காலையும் எதிர்ப்பக்கமாகத்தான் போனோம். "திரும்புங்க, திரும்புங்க" என்று நான் பின்னாலிருந்து முதுகில் தட்டிக்கொண்டே வந்தேன். டிவைடரிலிருந்து ஒரு பெண் சாலையில் இறங்கினாள். வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வர வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்தபடி இறங்கினாள். எங்கள் வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே. அவளை இடித்துத் தள்ளி, நாங்களும் விழுந்தோம்.

முதலில் அவள் இந்தியில் திட்டினாள். வலது கையைத் தூக்க முடியவில்லை என்று தெரிந்ததும் தமிழ் வந்துவிட்டது.

"ஐயோ, கை போச்சே! இந்தக் கைய வச்சித்தான நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன்!"

"அசையாதம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தமிழாளுங்களா? தமிழாளா இருந்தா ராங் சைடுல வரலாமா?"

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுக்கு மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு. இவருக்கு நெற்றியில் தையல். ஹெல்மெட் வண்டிக் கைப்பிடியில் மாட்டியபடியே சாலையோரம் கிடந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "அங்கிள்ஜி, வண்டி நம்பர்?"

"நம்பர் கிடையாது."

"லைசென்ஸ்?"

"இந்த வண்டிக்குத் தேவையில்லை." தலையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, எத்தனை வாட் மோட்டார், விதி என்ன சொல்கிறது என்று அவருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார் இவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கான்ஸ்டபிள் பேனாவை மூடினார். "மோட்டார் வண்டியே இல்லைன்னா நான் என்ன எழுத? உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க."

"அப்ப என் கைய ஒடச்சது இன்னா, காத்தா?" என்றாள் அவள், தமிழில். அதை அப்படியே இந்தியில் சொன்னேன். சொன்னதோடு நிற்க மனம் வரவில்லை.

"எழுதுங்க தம்பி. நான் சாட்சி. இவர் ராங் சைடுலதான் ஓட்டினார். நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் இவர்.

"இல்லை. இத்தனை நாள் உங்க பின்னாடி உட்கார்ந்து வந்தேனே, அதுதான் பைத்தியக்காரத்தனம்."

கான்ஸ்டபிள் முனகிக்கொண்டே எழுதினார். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். இவர் பல நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, தானாகவே ஸ்கூட்டரை விற்றுவிட்டேன் என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளுடைய வைத்தியச் செலவையும் கை குணமாகும்வரைக்குமான சம்பளத்தையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆனால் கட்டுப் பிரிப்பதற்குள் இரண்டு வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். துணி பிழிய இன்னும் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை.

போன வாரம் அவளை மார்க்கெட்டில் பார்த்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்லமா. இப்பல்லாம் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் எறங்கறேன்" என்றாள். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டவள், சட்டென்று கோபமாகக் கேட்டாள்: "ஆனா நான் ஏம்மா பாக்கணும்?"