கீழே சொட்டினால் நல்லது

என் மனைவிக்கு எட்டாம் மாதம் தொடங்கிய நாளிலிருந்து தண்ணீரைக் கண்டாலே எனக்குப் பயம். முதல் பிள்ளையின்போது அவள் மடுல்கெல்லையில், தாய்வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதத்தில் தண்ணீர்க்குடம் உடைந்தது. தேயிலைத் தோட்டத்து லொறியைத் தேடிப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், தண்ணீர் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்று. அதற்காகவே, வாத்தியார் சம்பளத்தில் கட்டாது என்று தெரிந்தும், ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினேன். அவளுக்கு வியர்க்கக் கூடாதென்று ஏசி வேலை செய்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒரு நாள் திகனையிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, காலெல்லாம் ஈரமா இருக்கு."

அதற்குப் பிறகு கார் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. ஹோர்னில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசலில்தான் எடுத்தேன். உள்ளே அவளைப் பரிசோதித்த சிங்கள நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. சேலை கீழ மட்டும்தான் நனைஞ்சது. கார்தான் பாக்கணும்."

போய்ப் பார்த்தேன். அவள் கால் வைத்திருந்த இடத்தில் கார்ப்பெட் முழுக்கத் தண்ணீர். பிழிந்தால் கை குளிர்ந்தது. ஏசித் தண்ணீர்! வேறு நேரமென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இனி அந்தக் காலடியில் ஈரம் வந்தால் அது எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாளே காரைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அதை நடத்திய முஸ்லிம் அண்ணன், ஊருக்கே ‘நானா’, காருக்கு அடியில் படுத்து, கைவிரல் பருமனில் தொங்கிய ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார். ஏசியில் சேரும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ரோட்டில் விழ வேண்டுமாம்.

"இது அடச்சி ஈக்கிது சேர். அதுதான் தண்ணி திரும்பி உள்ளுக்கு வருது."

சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினார். முதலில் மஞ்சளாக ஒரு சேறு வந்தது. பிறகு உள்ளே தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் அவர் சட்டையில் கொட்டியது. சேற்றை விரலால் விரித்துப் பார்த்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன சேர், பூவெல்லாம் ஈக்கிது?"

செவ்வந்தி இதழ்கள். கூடவே ஒரு வேப்பிலை. கார் வாங்கிய அன்று மாமியார் மடுல்கெல்லையிலிருந்து பூவோடு வந்து, கோயில் வாசலில் வாகனப் பூஜை போடவைத்தார். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் சல்லடையின் மேல் குவித்த பூவை யாரும் கையால் எடுக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது அவருடைய கட்டளை. நானும் பயபக்தியோடு ஒரு மாதம் விட்டுவைத்தேன். அது தானாகத்தான் உதிர்ந்தது, சல்லடை வழியாக உள்ளே. பிள்ளையைக் காப்பாற்ற வைத்த பூ!

நானா ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டார். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"இனிப் பயமில்ல சேர். கீழ சொட்டினா நல்லது. உள்ள சொட்டினாத்தான் பிழை."

அன்று வீட்டுக்கு வந்து இதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த சில நாட்கள் எங்கே நிறுத்தினாலும் நான் குனிந்து பார்ப்பேன். "சொட்டுதா?" என்று அவள் கேட்பாள். "சொட்டுது" என்பேன். இருவரும் சிரிப்போம்.

அடுத்த வாரம் ஒரு காலை, மீண்டும் கிளினிக் பயணம். பல்லேகல மைதானத்தைத் தாண்டும்போது அவள் காலை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"அந்த நானா சரியா செய்யலைங்க. திரும்பவும் ஒழுகுது."

அவள் குரலில் பயமே இல்லை, எரிச்சல்தான். அந்த எரிச்சலை நம்பத்தான் எனக்கும் ஆசை. காரை ஓரம் கட்டி இறங்கி, ரோட்டில் முழங்காலிட்டு அடியில் பார்த்தேன். சொட்டு, சொட்டு, சொட்டு. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் விளங்கிவிட்டது. குழாயில் அடைப்பு இல்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது காரின் தண்ணீர் இல்லை.

அவள் பக்கக் கதவைத் திறந்து கார்ப்பெட்டில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"சொட்டுதா?" என்று கேட்டாள்.

இல்லை, குழாய் திரும்ப அடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வரைக்குமாவது நிம்மதியாக வந்திருப்பாள். ஆனால் என் முகம் என்னை முந்திக்கொண்டது.

"சொட்டுது" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் கையிலிருந்து சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. தென்னக்கும்புர பாலத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றபோது, பெரிய மனிதன், வாத்தியார், வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. "போங்க, போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அதே நர்ஸ். எங்களைக் கண்டதும் சிரித்துவிட்டாள்.

"என்ன அம்மா, இன்னைக்கும் கார் தண்ணிதானே?"

"இல்ல மிஸ்" என்றாள் என் மனைவி. "கார் நல்லா இருக்கு."

நர்ஸின் சிரிப்பு அப்படியே நின்றது. தள்ளுவண்டி வந்தது. கதவு மூடியது. பின்னேரம் அந்தக் கதவுக்கு அப்பால் ஒரு பிள்ளை அழும் வரைக்கும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் என் ஈரக் கையைத் துடைக்கவே இல்லை.